பர்கண்டியில் மண்டிக்காரர் துப்பியது

செந்தில், மீனா, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன், கம்பெனிக்கு இல்லை. கம்பெனியில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் போன வாரம் வீட்டுக்கு வந்து, ஆரஞ்சுப் பழம் வைத்துக் கும்பிட்டு, போனில் போடுவதற்கு என்னுடைய 'இனிய பயண அனுபவம்' ஒன்று வேண்டும் என்றார்கள். பிரான்ஸ் ஒயின் நாட்டுப் பயணத்தை மறுபடி விற்கப் போகிறார்களாம். சாப்பாடு, சரித்திரம், கிராமத்து அழகு, எல்லாம் ஒரே டிக்கெட்டில். "நல்லதா நாலு வரி போதும் சயா" என்று மரியாதையாகச் சொன்னது ஒரு பெண். நாலு நாள் யோசித்தும் நல்லதாக நாலு வரி எனக்கு அகப்படவில்லை. அகப்பட்டதை அவர்கள் போட மாட்டார்கள். அதனால் நீங்கள் படியுங்கள். தமிழ் எழுத்து தடுக்கினால் அம்மாவைக் கேளுங்கள்.

என் படிப்பு எட்டாவதோடு நின்றது உங்களுக்குத் தெரியும். யாங்கோன் பசுந்தாங்கில் ஒரு பஸ் கம்பெனியில் மூட்டை ஏற்றினேன். பகான் கோயில்களைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர்களிடம் பேசிப் பேசி இங்கிலீஷ் வந்தது. அதைக் கேட்டுவிட்டு டூர் கம்பெனியில் கூப்பிட்டார்கள். புத்தகயா, பாங்காக், சிங்கப்பூர் என்று நம் ஊர் ஆட்களை ஓட்டிக்கொண்டு போய், பிறகு ஐரோப்பா. பயிற்சி என்றால் அவ்வளவுதான். மாடு மேய்க்கிறவனுக்கு என்ன பயிற்சி கொடுப்பார்கள்?

வேலை என்னவென்று கேட்டீர்களே. பஸ்ஸில் கடைசியாக ஏற வேண்டும், கடைசியாக இறங்க வேண்டும். எல்லார் பாஸ்போர்ட்டும் என் இடுப்புப் பையில் இருக்கும். தூங்கும்போதும் அவிழ்க்கக் கூடாது. கிளம்புவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பெட்டியைத் திறந்து மோந்து பார்க்க வேண்டும். நாப்பி என்கிற புளித்த மீன் விழுது டப்பாவை மூன்று பிளாஸ்டிக்கில் சுற்றி மெழுகு வைத்து அடைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது என் பொறுப்பு. உலகத்திலேயே சிறந்த சாப்பாடு இருக்கும் ஊருக்குப் போகிறோம் என்று பணம் கட்டியவர்கள்தான், மீன் நாப்பி இல்லாமல் ஒரு வேளையும் இறங்காது என்று பெட்டியில் பாதியை அதற்கே ஒதுக்கியிருப்பார்கள். ஒருவரையாவது பார்த்து "அப்ப எதுக்கு போறீங்க?" என்று கேட்க எனக்கு எத்தனையோ தடவை நாக்கு துடித்திருக்கிறது. கேட்டதில்லை. ஓட்டலுக்குப் போனதும் அறையிலேயே சோற்றுக் குக்கரைப் போட்டு, பியூஸைப் போக்கி மாடி முழுக்க விளக்கை அணைத்துவிடுவார்கள். கீழே போய் மன்னிப்புக் கேட்பதும் என் வேலை.

மொழிபெயர்ப்பு இன்னொரு கூத்து. அங்கே திராட்சைத் தோட்டத்துக்காரர் பிரெஞ்சில் ஒரு கதை சொல்வார். லூக் என்று எங்கள் வழிகாட்டிப் பையன், அதை இங்கிலீஷ் ஆக்குவான். நான் அதைப் பர்மிய ஆட்களுக்குப் பர்மிய மொழியிலும் நம் ஆட்களுக்குத் தமிழிலும் சொல்ல வேண்டும். தோட்டத்துக்காரர் ஐந்து நிமிஷம் பேசியது என்னிடம் வந்து சேரும்போது, "பழைய தோட்டம், நல்ல தோட்டம்" என்று ஆகிவிடும். யாரும் குறைப்பட்டதில்லை. அவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு மேலே ஊ மியின் ஸோ. முதலாளிக்கு மச்சான். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. கெட்ட சேதி ஏதாவது சொல்வதென்றால் முதலில் லஃபெயே டீ வரவழைப்பார். கண்ணாடியைக் கழற்றி கட்டியிருக்கும் லொஞ்சி ஓரத்தில் துடைப்பார். "கோ மணி, உனக்கு அனாடேயா இருக்கும்னு தெரியும்" என்று ஆரம்பிப்பார். அனாடே என்றால் அடுத்தவருக்குச் சங்கடம் தரக் கூடாதே என்று நாம் தயங்குவது. நல்ல குணம்தான். இந்த மனிதர் அதை மூக்கணாங்கயிறாக வைத்திருந்தார். சம்பளம் தள்ளிப்போனால் முதலாளிக்கு அனாடே. விடுமுறை கேட்டால் கூட வேலை செய்கிறவனுக்கு அனாடே. குழுவில் ஒருவருக்கு வாந்தி வந்தால் மற்றவர்கள் காதில் விழக் கூடாது, அவர்களுக்கும் அனாடே. அவரைத் தவிர எல்லாருக்கும் அந்தத் தயக்கம் இருக்க வேண்டும்.

நான் சொல்ல வந்த பயணம் பர்கண்டி என்கிற பகுதிக்கு. பாரிஸிலிருந்து தெற்கே, ரயிலில் போகும் தூரம். போன் என்று ஒரு சின்ன ஊரில் தங்கினோம். கிராமத்து அழகு என்றார்களே, அது என்ன தெரியுமா? இடுப்பளவு கல்சுவர், அதற்குள் முழங்கால் அளவு செடி, அதற்கப்பால் இன்னொரு கல்சுவர். இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் விளைகிற ஒயினுக்கும் அந்தப் பக்கம் விளைகிறதற்கும் விலை மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசமாம். லூக் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து எல்லாரையும் மோந்து பார்க்கச் சொன்னான். மோந்தார்கள், கண்ணை மூடிக்கொண்டு. எங்கள் குழுவில் லான்மடாவ் பருப்பு மண்டிக்காரர் ஒருவர் மட்டும் மண்ணை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "உளுந்துக்கு ஆகாது" என்று கீழே போட்டார். அந்தப் பயணத்தில் ஒயின் நிலத்தைப் பற்றி நான் கேட்ட உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

சாப்பாடு? அந்த ஊரின் பேர்போன சாப்பாடு மாட்டிறைச்சியைச் சிவப்பு ஒயினில் ஊறப்போட்டு வேகவைப்பது. பர்மியர்களில் பாதிப் பேருக்கு மாடு ஆகாது, நமக்குச் சுத்தமாக ஆகாது. இதை ஆபீசில் யாரும் யோசிக்கவில்லை. முட்டையையும் ஒயினில் போட்டிருந்தார்கள், அது கத்தரிக்காய் நிறத்தில் வந்தது. பாலாடைக்கட்டி ஒன்று கொண்டுவந்து வைத்தார்கள். அதன் வாசனைக்கு எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். யார்? பெட்டியில் நாப்பி வைத்திருக்கிறவர்கள்.

சரித்திரத்துக்காக ஒரு பழைய தர்ம ஆஸ்பத்திரியைக் காட்டினார்கள். பல நூறு வருஷத்துக் கட்டடம், கூரையில் கலர் கலராக ஓடு. ஏழை நோயாளிகள் படுத்த கட்டில்கள் வரிசையாக, சிவப்புத் திரை போட்டு. அந்த ஆஸ்பத்திரிக்குத் திராட்சைத் தோட்டங்கள் உண்டாம், ஒயின் விற்ற காசில்தான் நோயாளிகளைப் பார்த்தார்களாம். நம் ஆட்கள் செத்துப்போனவர்கள் படுத்த கட்டிலுக்கு முன்னால் நின்று இரண்டு விரலை நீட்டிப் போட்டோ எடுத்தார்கள். அதற்கு மேல் சரித்திரம் இல்லை.

இனி மண்டிக்காரர். சோமு அண்ணன் என்று கூப்பிடுவோம். அறுபது தாண்டியவர், கனத்த உடம்பு, காலமெல்லாம் வெற்றிலை போட்ட வாய். குன்யா என்று தெருவுக்குத் தெரு மடித்து விற்கிறார்களே, அதுதான், புகையிலை தூக்கலாக. மனைவி ராஜம் அக்கா விமானத்திலேயே என்னிடம் பெருமையாகச் சொல்லிவிட்டார்: அண்ணன் வெற்றிலையை விட்டாயிற்று, காளியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறார். அண்ணன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாப்பாட்டுக்கென்று வந்த பயணத்தில் அந்த மனிதர் ஒன்றும் சாப்பிடவில்லை. ஒவ்வொரு ஓட்டலிலும் எல்லாத் தட்டையும் கொண்டுவரச் சொல்வார். ஒரு கரண்டி வாயில் வைப்பார். முகத்தைச் சுளித்துக் கீழே வைப்பார். பிறகு அறைக்குப் போய் ராஜம் அக்கா குழைய வேகவைத்த பருப்புச் சோறு. குழுவில் கிண்டல் செய்தார்கள். இவ்வளவு தூரம் வந்து பருப்பா, மண்டியிலேயே உட்கார்ந்து தின்றிருக்கலாமே என்றார்கள். நானும் மனசுக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் ஒரு ஒயின் வீட்டின் நிலவறைக்குக் கூட்டிப்போனார்கள். படி இறங்கினால் கல் வளைவு, குளிர், மங்கல் வெளிச்சம், பீப்பாய்கள். அந்த வீட்டு அம்மா தலை நரைத்தவர், மிடுக்காக இருந்தார். குடிக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். கிளாஸைக் காலில் பிடிக்க வேண்டும், வயிற்றில் பிடிக்கக் கூடாது. வெள்ளைத் துணிக்கு முன்னால் சாய்த்து நிறம் பார்க்க வேண்டும். சுழற்ற வேண்டும். மூக்கை உள்ளே விட வேண்டும். ஒரு வாய் எடுத்து, உதட்டைக் குவித்துக் காற்றை இழுத்து, கொப்பளித்து, அப்புறம் துப்பிவிட வேண்டும். ஆமாம், துப்ப. அவ்வளவு விலை சொன்ன சாமானைத் துப்புவதற்கென்று ஒரு பித்தளைப் பாத்திரம் கைமாறி வந்தது. நனைந்த கல் வாசனை வருகிறதா, தோல் வாசனை வருகிறதா என்று அந்த அம்மா கேட்க, நம் ஆட்கள் வருகிறது வருகிறது என்றார்கள். நனைந்த தோல் வாசனைக்கு மழைக்காலத்தில் பசுந்தாங் ஓடைக்கரையில் நின்றால் போதும், விசா வேண்டாம்.

முதலில் வெள்ளை ஒயின். பாத்திரத்தில் கிடந்ததெல்லாம் வெளிறின மஞ்சள் தண்ணீர். அது சோமு அண்ணன் கைக்கு வந்தது. மனிதர் கன்னத்தில் காலையிலிருந்து எதையோ அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார். ராஜம் அக்கா நாலு பேர் தள்ளி நின்றார். இருட்டு வேறு. துப்புவதற்குப் பாத்திரம் கொடுக்கிற நாட்டைப் பார்த்து அவருக்கு என்ன சந்தோஷமோ, வாய் நிறையக் குனிந்து துப்பினார்.

வெள்ளைத் துணியில் தெறித்தது. பாத்திரம் முழுக்கச் சிவப்பு, கெட்டியாக, துணுக்குத் துணுக்காக. உதட்டோரத்தில் இரண்டு கோடு வழிந்தது.

அந்த வீட்டு அம்மா கிளாஸைக் கீழே போட்டார். ஓடிவந்து அண்ணனைப் பிடித்து உட்காரவைத்து, தலையைச் சாய்த்து, தன் கழுத்துத் துணியை அவிழ்த்து வாயில் வைத்தார். லூக் போனை எடுத்துக்கொண்டு படியேறி ஓடினான். ராஜம் அக்கா "ஐயோ ரத்தம்" என்று அப்படியே சுவரோடு சாய்ந்தார். நான் அண்ணன் பக்கத்தில் போனேன். புகையிலை வாசனையும் சுண்ணாம்பு வாசனையும் குப்பென்று அடித்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது அண்ணனுக்கும் தெரிந்துவிட்டது. என் சட்டையை இழுத்துக் காதோடு சொன்னார்:

"மணி, ரத்தம்னே சொல்லிடு."

சிரிப்பதா அழுவதா? பெண்டாட்டியிடம் வெற்றிலை என்று மாட்டிக்கொள்வதைவிட ரத்தம் கக்கினேன் என்பது அவருக்கு மேலாகப் பட்டது. நான் வாயைத் திறக்குமுன் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. அந்த ஊரில் ஆம்புலன்ஸ் வேலையையும் தீயணைப்பு ஆட்கள்தான் பார்க்கிறார்கள். தொப்பியும் பூட்ஸுமாக அவர்கள் இறங்கி வந்ததைப் பார்த்து, நிலவறையில் தீப்பிடித்ததென்று எங்கள் குழுவில் பாதி மேலே ஓடியது. மீதிப் பாதி வீடியோ எடுத்தது.

வண்டியில் கூட ஒருவர்தான் போகலாம் என்றார்கள், பாஷை தெரிந்தவராக. நான் ஏறினேன். ராஜம் அக்காவை லூக் காரில் பின்னால் கூட்டிவருவதாகப் பேச்சு.

வழியிலேயே ஊ மியின் ஸோ கூப்பிட்டார். குழுவில் யாரோ வீடியோவை அனுப்பியிருக்க வேண்டும். நான் மெதுவாகப் பர்மிய மொழியில் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். வெற்றிலை என்று சொல்லி ஆளை உடனே வெளியே கொண்டுவா, நாளைக்குக் கோட்டை பார்க்க வேண்டும், ஒருவரால் மற்றவர்களுக்கு அனாடே வந்துவிடக் கூடாது என்றார். கண்ணாடி துடைக்கிற சத்தம்கூடக் கேட்டது போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர், மீனா வயசுதான் இருக்கும். நான் ஒளிக்காமல் இது ரத்தம் இல்லை, இலை என்றேன். அவள் சிரிக்கவில்லை. காட்டச் சொன்னாள். அண்ணன் முனகிக்கொண்டே சட்டைக்குள்ளிருந்து ஈரத்துணிப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்து மோந்து பார்த்தாள். நிலவறையில் மூக்கை விட்டுக்கொண்டு நின்றவர்களைப் போல இல்லை. ஒரு தடவை மோந்து மூடிவைத்தாள். பிறகு வாயைத் திறக்கச் சொன்னாள்.

அண்ணன் திறந்தார். இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. இன்னும், இன்னும் என்றாள். வரவில்லை. அவள் விளக்கைச் சாய்த்து, மரக்குச்சியால் கன்னத்தை விலக்கி, வெகுநேரம் பார்த்தாள். கையுறை போட்ட விரலை உள்ளே விட்டு ஒரே இடத்தை மறுபடியும் மறுபடியும் அழுத்தினாள். அண்ணன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கழுத்தில் தாடைக்குக் கீழே தடவிப் பார்த்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எப்போதிருந்து என்றாள்.

பொங்கலிலிருந்து என்றார் அண்ணன். யாங்கோனில் ஒரு பல் டாக்டரிடம் காட்டியிருக்கிறார். அவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அண்ணன் அங்கே போகாமல் எங்கள் கம்பெனிக்கு வந்து பிரான்ஸுக்குப் பேர் கொடுத்திருக்கிறார்.

ஒரு துண்டு வெட்டி எடுத்துச் சோதிக்க வேண்டும், இங்கேயோ ஊரிலோ, ஆனால் உடனே என்றாள் டாக்டர். அது என்ன நோய் என்று கேட்டேன். சோதிக்காமல் பேர் சொல்ல மாட்டேன், என் அப்பாவாக இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட மாட்டேன் என்றாள். பிறகு என் பல்லைப் பார்த்தாள். நீங்களும் போடுவீர்களா என்றாள். எப்போதாவது என்றேன். அவள் எழுந்து போனாள்.

அண்ணன் என் கையைப் பிடித்தார். ராஜத்திடம் வயிற்றுப் புண் என்று சொல்லிவிடு, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று சொல், ஊருக்குப் போய் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். அதே நேரம் போனில் ஊ மியின் ஸோ மறுபடி. சொன்னேன். அப்புறம், வாடிக்கையாளர் சொல்வதுதான் நமக்குச் சட்டம், அவர் வயிற்றுப் புண் என்றால் வயிற்றுப் புண், பயணத்தை முடித்துக்கொண்டு எல்லாரும் சேர்ந்தே வாருங்கள் என்றார். அவ்வளவு இனிமையாக ஒரு அயோக்கியத்தனத்தை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ராஜம் அக்கா உள்ளே வந்தார். நேரே அண்ணன் முகத்துக்கு நேராகக் குனிந்தார். நின்றார். மூக்கை இழுத்தார்.

"சுண்ணாம்பு வாசம் அடிக்குது."

அண்ணன் கூரையைப் பார்த்தார்.

"வெத்திலையா? என்னை உசிரோட கொன்னுட்டு, வெத்திலையா?"

அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சிரித்தார் ராஜம் அக்கா. சிரித்துக்கொண்டே அழுதார், அண்ணன் தொடையில் பட் பட்டென்று அடித்தார். "கற்பூரம் அணைச்ச கையா இது? வா ஊருக்கு, காளியம்மாகிட்ட நீயே பதில் சொல்லு. ரத்தம் இல்லையே, அது போதும். ரத்தம் இல்லையே." அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. வயிற்றுப் புண் என்றுகூடச் சொல்லத் தேவையில்லாமல் போய்விட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், மறுநாள் கோட்டை பார்க்கப் போயிருப்போம்.

அப்போது டாக்டர் வந்தாள். மனைவியா என்று கேட்டு, ராஜம் அக்காவைப் பார்த்தே நிதானமாகப் பேசினாள். பேசி முடித்து என்னைப் பார்த்தாள். ராஜம் அக்காவும் பார்த்தார். "என்ன சொல்லுது அந்தப் புள்ளை?" அண்ணன் மட்டும் பார்க்கவில்லை.

பிள்ளைகளே, அந்தப் பயணம் முழுக்க நான் ஐந்து நிமிஷப் பேச்சை நாலு சொல்லாக்கிச் சொன்னவன். இதில் ஒரு சொல்லையும் விடவில்லை.

"அக்கா, ரத்தம் இல்லை, வெத்திலைதான். ஆனா இடது கன்னத்துக்குள்ள ஆறாத புண்ணு ஒண்ணு இருக்கு. பொங்கல்லேர்ந்து இருக்கு. ஓரமெல்லாம் கெட்டியாயிருச்சு. துண்டு வெட்டிச் சோதிக்கணும்ங்குது. உடனே. தன் அப்பாவா இருந்தா ஒரு நாளும் வைக்க மாட்டேங்குது."

ராஜம் அக்காவின் கை அண்ணன் தொடை மேலேயே நின்றது.

"பொங்கல்லேர்ந்தா?"

அண்ணன் தலையை ஆட்டினார்.

"அப்ப எதுக்குய்யா இங்க வந்தே?"

அண்ணன் கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். "வாயை வெட்டிட்டா அப்புறம் என்னத்தைத் திங்கிறது, ராஜம்? உலகத்துலயே நல்ல சாப்பாடு இங்கதான்னாங்க. ஒருவாட்டி தின்னுட்டுப் போய்ப் படுத்துக்கலாம்னு பார்த்தேன்."

"தின்னியா?"

"எங்க. எல்லாம் எரியுது."

நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

அவர்கள் இருவரையும் மறுநாளே பாரிஸுக்கு அனுப்பி விமானம் ஏற்றினோம். லூக் ஓடி ஓடி உதவினான். அவனை அதுவரை நான் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. ஊ மியின் ஸோவிடம் கேட்கவில்லை, ஏற்றிய பிறகு சொன்னேன். குழுவில் என்னிடம் வந்த ஒரே கேள்வி, அன்றைக்கு விட்டுப்போன சிவப்பு ஒயினை எப்போது ருசி பார்ப்போம் என்பது.

ஊருக்கு வந்ததும் லஃபெயே வந்தது. கண்ணாடி துடைக்கப்பட்டது. கோ மணி களைத்துப் போயிருக்கிறாய், கொஞ்ச நாள் விமான நிலையத்தில் ஆட்களை வரவேற்கிற வேலையைப் பார் என்றார். அந்தக் கொஞ்ச நாள் ஓய்வு பெறும்வரை நீண்டது. அடுத்த வருஷ விளம்பரத்தில் 'பயணத்தில் உயர்தர மருத்துவ உதவி உண்டு' என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. அதைப் படித்த அன்று நான் சிரித்த சிரிப்பில் உங்கள் அம்மா பயந்துபோனாள்.

சோமு அண்ணனுக்குக் கன்னத்தில் பாதியை எடுத்தார்கள். இப்போதும் மண்டியில் உட்கார்கிறார். பேசுவது பாதிதான் புரியும். விலை சொல்லும்போது மட்டும் தெளிவாக வரும். கரைத்ததைத்தான் குடிக்கிறார். பர்கண்டி எப்படி என்று யாராவது கேட்டால் ராஜம் அக்கா முந்திக்கொண்டு, மண்ணு சரியில்லை என்று சொல்லிவிடுவார்.

ஒன்று மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர்களை அனுப்பிய அன்று குழு கோட்டை பார்க்கப் போயிருந்தது. நான் ஓட்டல் அறைக்கு வந்து குளியலறைக் கதவைத் தாழ்ப்போட்டேன். போன் விளக்கைப் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தேன். விரலால் இடது கன்னத்தை விலக்கினேன். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கிவிட்டது. துண்டால் துடைத்துவிட்டு, இன்னும் பக்கத்தில் போய், மறுபடி திறந்தேன்.